ஒருகுலப் பிறபொருளெதிரிகளும் வாந்திபேதிக் கிருமியும்

நோய்க் கிருமிகளை ஆராய்வோனுக்கு நேரும் முதல் இடர்ப்பாடு அவற்றைக் கொல்வதன்று, அவற்றை இனங்காண்பதேயாம். நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குங்கால் ஒரு கிருமிக்கும் மற்றொரு கிருமிக்கும் உருவத்தால் வேற்றுமை காண்டல் பெரும்பாலும் அரிது. விபிரியோ என்னும் பற்றீரியாக்களையே எடுத்துக்கொள்வோம். காற்புள்ளி போல் வளைந்த உடலும் ஒற்றை வாலும் உடைய இவை கழிமுகங்களிலும் கரையோரக் கடல்நீரிலும் எண்ணிறந்தனவாய் வாழ்வன. வாந்திபேதியை விளைக்கும் விபிரியோ கொலரே என்னும் ஓரினத்துள்ளேயே இருநூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஊர்தோறும் பரவிக் கொள்ளைநோயாய் நின்றவை இரண்டே. ஏனையவை சிற்சில வேளைகளில் வயிற்றோட்டத்தை உண்டாக்குவதோடு அமைவன. நம் முன்னோர் 'கோதாரி' என்று அஞ்சிய நோய் இதுவே. அச்சொல் இன்று யாழ்ப்பாணத்தில் வசைமொழியாகவே பெரிதும் வழங்குகின்றது. வைபவனுக்கும் அதன் பொருள் தெரியாது, வையப்படுபவனுக்கும் தெரியாது என்னும் நிலை ஒருவகையில் நற்பேறே.

இருநூறு பிரிவுகளுள் அவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவது? உருவம் உதவாது. வளர்ப்பூடகத்தில் தோன்றும் குடியிருப்புக்களின் நிறமும் உதவாது. ஓரினத்தனவாதலின் அவையெல்லாம் ஒரே நிறத்தனவாகவே தோன்றும். இவ்விடத்திலே விஞ்ஞானிகளுக்குத் துணைநின்றது விலங்கின் குருதி. அக்குருதியிலுள்ள ஒரு பொருளைக் கலவையாகவே பெற்றுவந்த மனிதர், அதனை ஒற்றைத் தனிப்பொருளாகப் பெறக் கற்ற வரலாற்றையும், அதனால் வாந்திபேதிக் கிருமியைப் பற்றி அறியவந்த செய்திகள் சிலவற்றையும் ஈண்டு நோக்குவாம்.

1890 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில், றொபேட் கொக் என்பாரின் ஆய்கூடத்தில் பணிபுரிந்த பேரிங் என்னும் செர்மானியரும் கிற்றசாட்டோ என்னும் யப்பானியரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் என்னும் நோய்களின் நச்சை எதிர்த்து நிற்கப் பழக்கப்பட்ட விலங்கின் குருதியில், அந்நச்சை முறிக்கும் பொருளொன்று உண்டாகின்றது என்பதே அது. அப்பொருளே பிறபொருளெதிரி. அதனைத் தோற்றுவிக்கக் காரணமாகும் அயற்பொருள் பிறபொருளெதிரியாக்கி எனப்படும். ஆறாண்டுகளின் பின், 1896 இல், வியன்னாவில் குறூபர் என்பாரும் அவருடன் உழைத்த டறம் என்னும் ஆங்கிலேயரும் இன்னொன்றைக் கண்டனர். நோய்த்தடை பெற்ற விலங்கின் நீர்ப்பாயத்தைக் கிருமிகள் கலந்த கலங்கல் நீரில் இட்டவுடன், அக்கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வெண்துணுக்குகளாய்ப் படிந்தன. வேற்றினக் கிருமிகளோ அங்ஙனம் திரளாது கலங்கியபடியே நின்றன. கண்ணாற் காணத்தக்க இந்தத் திரட்சியே கிருமிகளை இனங்காணும் கருவியாயிற்று. அதே ஆண்டில் பாரிசு நகரத்து விடால் என்பார் இம்முறையைத் திருப்பிப் பயன்படுத்தி, நெருப்புக்காய்ச்சல் நோயாளியின் நீர்ப்பாயத்தைத் தெரிந்த கிருமியோடு கலந்து நோயை அறியும் வழியை வகுத்தார்.

பிறபொருளெதிரி யாதெனின், அஃது ஒரு புரதம். இரு பாரமான சங்கிலிகளும் இரு இலேசான சங்கிலிகளும் இணைந்து, கவர்விட்ட தடியைப் போன்ற உருவில் அமைந்தது. இவ்வமைப்பை வெளிப்படுத்திய எடல்மன், போட்டர் என்னும் இருவருக்கும் 1972 இல் நோபெல் பரிசு கிடைத்தது. இரு கவர்களின் நுனிகளிலும் அமினோவமிலங்களின் ஒழுங்கு, பிறபொருளெதிரிக்குப் பிறபொருளெதிரி வேறுபடும். ஒவ்வொரு நுனியும் தனக்கிசைந்த ஒரு சிறு வடிவத்தை மாத்திரமே பற்றும். ஒரு மூலக்கூறுக்கு இரு நுனிகள் இருத்தலின், ஒன்று ஒரு கிருமியையும் மற்றையது பக்கத்துக் கிருமியையும் பற்ற, கிருமிகள் திரளுகின்றன.

இடர்ப்பாடு யாண்டு வந்ததெனின், முயலினிடத்து வந்தது. கொல்லப்பட்ட வாந்திபேதிக் கிருமிகளை முயலொன்றினுள் ஏற்றினால், அதன் உடல் கிருமியை ஒரு முழுப்பொருளாகக் காண்பதில்லை. மேற்போர்வையின் பல்சக்கரைட்டுக்குச் சில, வாலின் புரதத்துக்குச் சில, உட்புறத்துப் பொருள்களுக்குச் சில என எண்ணிறந்த வகைப் பிறபொருளெதிரிகளை ஒருங்கே ஆக்குகின்றது. நீர்ப்பாயம் இவையனைத்தினதும் கலவையாகும். வாலின் புரதமோ தீங்கற்ற விபிரியோக்களுக்கும் பொதுவானது. ஆதலின் அவையும் திரண்டு ஆய்வாளனை மயக்கும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் அல்டோ காஸ்ற்றெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர். அயற்கிருமிகளை நீர்ப்பாயத்தில் இட்டு, அவற்றோடு ஒட்டவல்ல பிறபொருளெதிரிகள் யாவும் ஒட்டியபின் அக்கிருமிகளோடு அவற்றையும் அகற்றிவிட்டால், எஞ்சி நிற்பது வேண்டிய கிருமிக்கே உரியதாயிருக்கும் என்பதை அவர் 1902 இல் காட்டினார். அடுத்த ஆண்டே அவர் கொழும்புக்கு வந்து, 1915 வரை இங்குக் கிருமியியல் நிலையத்தை நடத்தினார். இலங்கை மருத்துவ வரலாற்றைக் கற்போர், 1905 இல் அவர் கண்டறிந்த பறங்கி நோய்க் கிருமியோடு சேர்த்தே அவர் பெயரை நினைவர். ஆய்கூடத்துக்கு அவர் அளித்த இந்த உறிஞ்சல் முறை அதனினும் நெடுங்காலம் பயன்பட்டது என்பது அடியேன் கருத்து.

எனினும் வடித்தெடுத்த நீர்ப்பாயமும் கலவையே. அன்றியும் முயல் இறந்தால் அந்நீர்ப்பாயமும் முடிந்தது. அடுத்த முயல், அதே கிருமியை ஏற்றினும், அதே கலவையைத் தருவதில்லை. ஓர் ஆய்கூடத்தில் திரண்ட கிருமி இன்னோர் ஆய்கூடத்தில் திரளாதொழிந்தால், குற்றம் கிருமியினதா நீர்ப்பாயத்தினதா என்று வாதிட்டுக் காலங்கழிக்க வேண்டியதாயிற்று. அளவுகோல் ஊருக்கூர் வேறுபட்டால் நிலம் அளக்க முடியுமா?

கலவையின் காரணத்தை விளக்கியவர் அவுஸ்திரேலியரான மக்பாலேன் பேர்னெற். 1957 இல் அவர் வெளியிட்ட கொள்கை இதுவாகும்: உடலில் நிணநீர்க்கலங்கள் பல கோடி உள, ஒவ்வொரு கலமும் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை ஆக்கவே வல்லது, அயற்பொருள் உட்புகுந்தவுடன், அதற்கிசைந்த கலங்கள் மாத்திரம் தூண்டப்பெற்றுப் பெருகி, தம்மையொத்த சந்ததிகளைத் தோற்றுவிக்கின்றன. ஒரு கலத்தின் சந்ததி முழுவதும் குளோன் எனப்படும். குளோன் என்பது சுள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. நம்மூரில் இதனை விளக்கப் பெரிய உவமை வேண்டா. ஒரு கிளுவை மரத்தில் வெட்டிய கதியால்களை வேலி நீளத்துக்கும் நட்டால், தளிர்ப்பன பல மரங்களாகத் தோன்றினும் எல்லாம் அந்த ஒரு மரமே. விதையால் வந்த வேலி அங்ஙனமன்று.

ஆகவே விதைவேலி போன்ற முயல் நீர்ப்பாயத்தை விடுத்து, கதியால் வேலி போன்ற பிறபொருளெதிரியைப் பெறவேண்டுமாயின், ஒரேயொரு நிணநீர்க்கலத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலனில் வளர்த்தல் வேண்டும். ஆனால் உடலுக்கு வெளியே அக்கலம் சில நாட்களில் மடிந்துவிடும். சாவாது பெருகுவன புற்றுநோய்க் கலங்களே. அவற்றுள்ளும் பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களில் உண்டாகும் மயலோமா என்னும் புற்றின் கலங்கள் ஆய்கூடத்தில் எளிதாய் வளர்வன. ஆனால் அவை ஆக்குவது எதனைப் பற்றும் என்பது பெரும்பாலும் தெரியாது.

பயனுள்ளது சாகின்றது, சாகாதது பயனற்றதாயிருக்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர்கள் கேம்பிரிட்சிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்கூடத்தைச் சேர்ந்த சேசர் மில்ஸ்ரைன், ஜோர்ஜ் கோலர் என்னும் இருவர். மில்ஸ்ரைன் ஆர்ஜென்ரீனாவிற் பிறந்தவர். ஆங்கு அரசியல் நெருக்கடி மூண்டமையால் 1963 இல் கேம்பிரிட்சுக்கு மீண்டவர். கோலர் இளைஞரான செர்மானியர். அவர்கள் மருந்தையோ கருவியையோ தேடி இறங்கினாரல்லர். இத்துணை வகையான பிறபொருளெதிரிகள் எவ்வாறு தோன்றுகின்றன என்னும் அடிப்படை வினாவுக்கே விடை தேடினர். மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

அவர்கள் செய்த பரிசோதனை அறிவுக்கு விருந்தாவது. செம்மறியாட்டின் செங்குருதிக் கலங்களைச் சுண்டெலிக்கு ஏற்றி, பின்னர் அதன் மண்ணீரற் கலங்களை எடுத்து, மயலோமாக் கலங்களோடு கலந்தனர். செயலிழக்கச் செய்யப்பட்ட செண்டாய் என்னும் வைரசைச் சேர்த்தபோது, கலங்களுட் சில ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒட்டாத கலங்களே மிகப் பல. அவற்றை எவ்வாறு களைவது? இங்கேதான் நுட்பம் உளது. அவர்கள் எடுத்த மயலோமாக் கலங்களில் ஒரு நொதியம் இல்லை. கருவமிலத்தை ஆக்கக் கலங்களுக்கு இரு வழிகள் உண்டு. வளர்ப்பூடகத்தில் இட்ட அமினோத்தெரின் என்னும் பொருள் முதல் வழியை அடைத்துவிடும். இரண்டாம் வழிக்கு அந்நொதியம் இன்றியமையாதது. ஆதலின் ஒட்டாத மயலோமாக் கலங்கள் மடிந்தன. ஒட்டாத மண்ணீரற் கலங்கள் இயல்பாகவே மடிந்தன. ஒட்டிய கலங்களோ சுண்டெலியிடமிருந்து நொதியத்தையும் புற்றிடமிருந்து சாகாத தன்மையையும் பெற்றுப் பிழைத்தன. இவற்றை ஒட்டுக்கலங்கள் என்போம். அவற்றை ஆட்டின் செங்கலங்களோடு கலந்து பரப்பி, நிறைவாக்கியையும் சேர்த்தபோது, செங்கலங்கள் கரைந்து வட்ட வட்டமாய்த் தெளிந்த இடங்கள் தோன்றின. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வேண்டிய பிறபொருளெதிரியைச் சுரக்கும் ஒட்டுக்கலம் இருந்தது.

இச்செய்தி 1975 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் 'நேச்சர்' என்னும் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒட்டுக்கலங்களை நீர்த்தற் செய்து, தட்டிலுள்ள சிறு குழிக்கு ஒன்றாக இட்டு வளர்த்தால், ஒரு குழியிலுள்ள யாவும் ஒரு கலத்தின் சந்ததியே. அவை சுரப்பதை ஆங்கிலத்தில் மொனோகுளோனல் என்பர்; யாம் ஒருகுலப் பிறபொருளெதிரி என்போம். கலங்களைத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறையச்செய்து, வேண்டியபோது எழுப்பலாம். இப்பெருஞ்செல்வத்துக்கு அவ்விருவரும் ஆக்கவுரிமை பெற்றிலர். கேட்ட ஆய்கூடங்களுக்குக் கலங்களைக் கொடுத்துதவினர். 1984 இல் நீல்ஸ் ஜேர்ண் என்பாரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி வாந்திபேதிக் கிருமிக்கு மீள்வோம். அதன் மேற்போர்வையில் வெல்ல அலகுகள் தொடராய்க் கோக்கப்பட்ட சங்கிலிகள் மயிர்போல் நீண்டு நிற்கின்றன. இச்சங்கிலியின் வேற்றுமையைக் கொண்டே இருநூற்றுச் சொச்சம் பிரிவுகளும் வகுக்கப்பட்டன. கொள்ளைநோய்க்குரிய முதற்பிரிவு ஓ 1 எனப்படும். அது மேலும் ஒகாவா, இனாபா என்னும் யப்பானியப் பெயர்கொண்ட இரு வகைகளாய்ப் பிரியும். முயல் நீர்ப்பாயத்தை உறிஞ்சல் முறையால் வடித்தே இவ்விரண்டையும் முன்னாளில் வேறுபடுத்தினர். வேறுபாடு எதிலுளது என்பதைத் தெளிவாக்கியது பிற்கால ஆராய்ச்சி. சங்கிலியின் கடைசி வெல்ல அலகில் ஒகாவாவுக்கு ஒரு மெதயில் கூட்டம் உண்டு, இனாபாவுக்கு இல்லை. ஒரு காபன் அணு, மூன்று ஐதரசன் அணுக்கள், அவ்வளவே. ஒகாவாவை மாத்திரம் பற்றும் ஒருகுலப் பிறபொருளெதிரி ஒன்றைப் பளிங்காக்கி, எட்சுக் கதிர்களால் அதன் அமைப்பை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த மெதயில் கூட்டம் பிறபொருளெதிரியின் நுனியிலுள்ள ஒரு சிறு பள்ளத்துள் அமர்ந்திருந்தது. கலவையான நீர்ப்பாயத்தைப் பளிங்காக்கி இங்ஙனம் காண முடியுமா? ஒரே மூலக்கூறு கோடானுகோடியாய்க் கிடைத்தமையாலன்றோ இது கைகூடிற்று.

இந்நுட்பமே ஆய்வாளனுக்கு ஓர் எச்சரிக்கையுமாகும். ஒகாவாவையே பற்றும் பிறபொருளெதிரியைக் கொண்டு நோயறியும் சோதனை செய்தால், இனாபாவினால் நோயுற்றவனை அது நோயற்றவன் எனக் கூறும். மெதயில் கூட்டத்தைச் சேர்க்கும் நொதியத்தின் பரம்பரையலகு விகாரமுற்றால் ஒகாவா இனாபாவாய் மாறிவிடும்; ஒரே கொள்ளைநோயின் நடுவில் இம்மாற்றம் நிகழ்ந்ததுண்டு. ஆதலால் இரு வகைக்கும் பொதுவான பகுதியைப் பற்றும் பிறபொருளெதிரியையே நோயறியும் சோதனைக்குத் தெரிவர். வகை பிரித்தல் ஒரு வேலை. நோயறிதல் இன்னொரு வேலை. ஒன்றுக்கு இசைந்த கருவி மற்றதற்கு இசையாது.

இவ்வெச்சரிக்கையின் முழுப்பொருளும் நமக்கு அண்மையிலேயே, பாக்குநீரிணைக்கு அப்பால், வெளிப்பட்டது. 1961 இல் இந்தோனேசியாவிற் கிளம்பிய ஏழாவது உலகக் கொள்ளைநோய் ஓ 1 பிரிவினால் ஆயது. அஃது இன்னும் ஓயவில்லை. ஓ 1 அல்லாதவை பெருங்கொள்ளையாய்ப் பரவா என்று நெடுங்காலமாய் நம்பியிருந்தனர். 1992 இன் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி தோன்றிற்று, மதுரையிலும் தோன்றிற்று. நோயின் குறிகள் வழக்கமானவையே. ஆனால் நோயாளிகளிடம் எடுத்த கிருமி ஓ 1 நீர்ப்பாயத்திற் திரளவில்லை. அதுவரை எண்ணிடப்பட்டிருந்த 138 பிரிவுகளின் நீர்ப்பாயங்களிலும் திரளவில்லை. எனவே அதற்கு ஓ 139 என எண்ணிட்டு, வங்கக் கடலோரத்திற் தோன்றியமையால் பெங்கால் என்றும் பெயரிட்டனர். சில திங்களிற் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் அது தாக்கிற்று. முன்பு ஓ 1 நோயுற்றுத் தேறிய முதியோரும் அதற்குத் தப்பினாரல்லர். அவர்தம் குருதியிலிருந்த பிறபொருளெதிரிகளும் ஆய்கூடத்து நீர்ப்பாயத்தைப் போன்றே புதியவனை அறிந்தில. பின்னர் ஆராய்ந்தபோது, அது பழைய ஓ 1 கிருமியே, மேற்போர்வையை ஆக்கும் பரம்பரையலகுகளை மாத்திரம் மாற்றிக்கொண்டு வந்தது எனத் தெளிவாயிற்று. நஞ்சு பழையது; சட்டை புதியது.

சட்டையை மாத்திரம் பார்த்து ஆளை அறியும் காவற்காரனின் குறை இது. எனினும் புதிய சட்டைக்குப் புதிய காவற்காரனை விரைவில் அமர்த்த முடிந்தமைக்கும் காரணம் கோலர், மில்ஸ்ரைன் முறையே. 1995 இல் ஓ 139 ஐப் பற்றும் ஒருகுலப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு ஆக்கிய விரைவுச் சோதனைகள் வெளியிடப்பட்டன. 2003 இல் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தார், மலநீரில் தோய்த்த தாட்கீற்றில் சில நிமிடங்களிற் கோடு தோன்றி ஓ 1 ஐயும் ஓ 139 ஐயும் காட்டும் சோதனையை வெளியிட்டனர். மின்சாரமும் குளிரூட்டியும் இல்லாத ஊரில், கிணற்றை மூடுவதா இல்லையா என இன்றே முடிவுசெய்ய வேண்டிய சுகாதாரப் பரிசோதகருக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதை விரித்துரைத்தல் வேண்டா. ஓ 139 பின்னர் மெல்ல மெல்ல அருகிற்று. இன்று கொள்ளைநோயாய்ப் பரவுவது ஓ 1 பிரிவே.

நீர்நிலைகளில் நடந்த ஆராய்ச்சி இதனினும் வியப்பானது. கொள்ளைநோய் இல்லாத காலங்களில் கிருமி எங்கே மறைகின்றது என்பது பழைய வினா. வங்காளதேசத்துக் குளங்களிலும் ஆறுகளிலும் எடுத்த மிதவையுயிர் மாதிரிகளை வளர்ப்பூடகத்தில் இட்டால், நூற்றுக்கு ஒன்றிற்கூடக் கிருமி முளைப்பதில்லை. அம்மாதிரிகளையே ஒளிரும் சாயம் பூட்டிய ஒருகுலப் பிறபொருளெதிரியோடு கலந்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, பாதிக்கு மேற்பட்டவற்றிற் பச்சை ஒளி வீசும் ஓ 1 கிருமிகள் காணப்பட்டன. இது 1990 இல் வெளியாயிற்று. கிருமிகள் இறந்திலவாயினும் முளைக்கும் ஆற்றலை ஒடுக்கி, கொப்பெப்பொட்டு என்னும் சிற்றுயிர்களின் மேல் ஒட்டி வாழ்ந்திருந்தன என ஆய்வாளர் விளக்கினர். ஒட்டி வாழ்வதாயின் வடிகட்டலாமன்றோ? பல மடிப்பாக மடித்த பழஞ்சேலையால் நீரை வடித்துக் குடிக்குமாறு வங்காளதேசத்துக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். அங்ஙனம் செய்த ஊர்களில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்ததென 2003 இல் அறிவித்தனர். கேம்பிரிட்சு ஆய்கூடத்தில் மில்ஸ்ரைன் தொடங்கிய கருவி, இவ்வாறு சேலைத் தலைப்புக்கும் சான்றுகூற வந்தது.

இருந்தும் அளவுகடந்து நம்புதல் ஆகாது. பிறபொருளெதிரி பற்றுவது போர்வையை. கிருமி உயிருள்ளதா, நஞ்சை ஆக்கவல்லதா என்பதை அது கூறாது. ஓ 1 போர்வையுடையனவாயும் நஞ்சற்றனவாயும் உள்ள விபிரியோக்கள் நீர்நிலைகளில் உண்டு. ஆதலின் தாட்கீற்றிற் கோடு தோன்றிய பின்னும் காரப் பெத்தோன் நீரிற் சில மணிநேரம் வளர்த்துச் சோதித்தலும், வளர்ப்பூடகத்தில் முளைப்பித்தலும், நஞ்சின் பரம்பரையலகைத் தேடுதலும் வேண்டப்படுகின்றன.

ஒருகுலம் என்ற பெயரும் எப்பொழுதும் மெய்யாவதில்லை. 2018 இல் வெளியான ஓர் ஆய்விலே, 185 ஒட்டுக்கல மரபுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினவற்றில் எதிர்பாராத மேலதிகச் சங்கிலிகளை ஆக்கும் பரம்பரையலகுகளும் தொழிற்படக் கண்டனர். கதியால் வேலியினூடே களைமரமும் முளைத்தது போன்ற நிலை. கலங்கள் நாளடைவில் மாறுவதும், உறைநிலையிலிருந்து எழாது மடிவதும் உண்டு. இவற்றை மனத்திற்கொண்டே, 2015 இல் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கோரிக்கையை முன்வைத்தனர். ஆராய்ச்சிக்குரிய பிறபொருளெதிரியை விற்பவன் இட்ட பெயராலன்றி, அதன் சங்கிலிகளின் ஒழுங்காலேயே குறிப்பிடல் வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். அவ்வொழுங்கு அறியப்பட்டால், சுண்டெலியும் வேண்டா, பழைய ஒட்டுக்கலமும் வேண்டா. பரம்பரையலகைச் செயற்கையாய் ஆக்கி, வேறொரு கலத்துட் புகுத்தி, அதே பிறபொருளெதிரியைச் சுரக்கச் செய்யலாம். பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசுகளின் மேற்பரப்பிற் பிறபொருளெதிரியின் நுனியைத் தோற்றுவித்து, வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் முறையும் 1990 முதல் வளர்ந்துவந்துள்ளது. ஒகாவாவின் மெதயில் கூட்டத்தைப் பள்ளத்துள் ஏந்திய அந்தப் பிறபொருளெதிரியின் அமினோவமில ஒழுங்கு, புரத அமைப்புக்களின் பொதுப் பதிவேட்டில் எவரும் எடுத்துப் படிக்கும் வகையில் வைக்கப்பட்டுளது.